முழங்கை வளைவுப் பனி

"என் பயம் எப்பப் போகுமுங்கம்மா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

குரு ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். விரலுக்குத் தப்பிய பருப்பு ஒன்று துள்ளி, அவன் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது.

"அதை அப்புறம் பார்க்கலாம். உங்க வண்டி எப்பப் போகும்?"

வண்டி சாவடி வாசலில் நின்றது. விடிந்ததிலிருந்து நிற்கிறது. சீட்டின் மேல் விழுந்த பனிகூட இன்னும் துடைக்கப்படவில்லை.

குருவுக்கு வயது முப்பது. சீடனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அதனால் குரு சீடனை அண்ணா என்பாள், சீடன் குருவை அம்மா என்பான். அந்த மலையடிவாரச் சாவடியில் அவள் வந்து தங்கியதிலிருந்து, மேலே போகிறவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். பதில் பிடிக்காதவர்கள் பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டதும் உண்டு.

சென்னியப்பன் மேலே போகாமலே தினமும் வந்துகொண்டிருந்தான். தினமும் அதே கேள்வி.

"இன்னைக்கு மேல என்ன விசேஷம்?" என்றாள் குரு.

"என் பொண்ணுக்குத் தொட்டில் போடறாங்க. உச்சிப் பொழுதுக்குள்ள காதுல பேர் சொல்லணும்."

"யாரு சொல்லணும்?"

"அப்பன்தான்."

"அப்பன் இங்க உட்கார்ந்து என் மொச்சையை எண்ணிக்கிட்டிருக்கிறாரே?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் போகலைன்னா என் மச்சான் சொல்லிருவானாம். என் வீட்டுக்காரி குணவதி போன் பண்ணினா. 'வந்தா நீங்க சொல்ற பேரு, வராட்டி எங்கண்ணன் சொல்ற பேரு, அவ்வளவுதான்'னு வெச்சுட்டா."

"மச்சான் என்ன பேர் வெப்பாரு?"

"அவன் மாட்டுக்குப் பேர் வெச்சதைப் பார்த்திருக்கேனுங்க. வேண்டாம்."

குரு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பெரிய ரோடு இன்னும் சரியாகலையாண்ணா?"

"கார்த்திகை மழையில சரிஞ்சது சரிஞ்சபடியே கிடக்குதுங்க. எஸ்டேட் வழி ஒண்ணுதான். அதுலயும் ஓடைப் பாலம் இத்துப்போய்ப் பலகை போட்டிருக்காங்க. இருசக்கர வண்டிதான் போகும். நடந்தா சாயங்காலம் ஆயிரும்."

"அப்ப வண்டியில போங்க."

"அந்த வழியாத்தான் அவளைப் பிரசவத்துக்கு அவங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

குருவின் விரல்கள் நின்றன.

"அப்பப் பெரிய ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. காப்பித் தோட்டம், ஓடை, பார்க்க அழகா இருக்கும், காட்டறேன் வான்னு நான்தான் அந்தப் பக்கம் திருப்பினேன். முழங்கை வளைவுல ஒரே பனி. ஒண்ணும் தெரியலை. அவ பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு என் முதுகுல தட்டறா, தட்டறா, தட்டிக்கிட்டே இருக்கா. பயந்துட்டாள்னு எனக்கும் கை நடுங்கிப் போச்சு. அப்படியே சாஞ்சுட்டோம்."

"அடி பட்டுதா?"

"சிராய்ப்புகூட இல்லீங்க. மெதுவாத்தான் போனேன். ஆனா அவளுக்கு அப்ப எட்டாம் மாசம்." கீழே விழுந்த மொச்சைப் பருப்பைப் பொறுக்கிச் சட்டியில் போட்டான். "மச்சான் வந்து அவளைக் கூட்டிட்டுப் போனான். நான் வண்டியைத் திருப்பிட்டேன். அந்தத் தட்டு இன்னும் என் முதுகுல இருக்குதுங்கம்மா."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"எந்த வாயால கேக்கறது? போன்ல 'சாப்பிட்டீங்களா'ம்பா. 'சாப்பிட்டேன்'பேன். வெச்சுருவேன்."

குரு மொச்சைச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"நீங்க வண்டி ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"எனக்குச் சைக்கிளே தெரியாதுங்கண்ணா."

"அப்புறம் எனக்கு என்னத்தைச் சொல்லித் தருவீங்க?"

"நான் சொல்லித் தர்றேன்னு எப்பச் சொன்னேன்? கிளம்புங்க."

சென்னியப்பன் கிளம்பினான். இரண்டு பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு. தலையில் குரங்குக் குல்லா. வாயையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றிய மப்ளர். எல்லாவற்றுக்கும் மேல், முகத்தை மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட். அதில் காற்றுப் போவதற்கென்று வைத்திருந்த ஓட்டைகளைப் பஞ்சால் அடைத்து மேலே டேப் ஒட்டியிருந்தான். காதுக்குள் குளிர் போனால் தலை சுற்றும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

குரு அவனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"உள்ளே நீங்க இருக்கீங்களாண்ணா?"

ஹெல்மெட் தலையாட்டியது.

அரை மணி நேரத்தில் வண்டிச் சத்தம் திரும்பி வந்தது.

"கை விறைச்சுப் போச்சுங்கம்மா. கிளட்ச்சைப் பிடிக்க முடியலை. விரல் இருக்குதா இல்லையான்னே தெரியலை."

குரு வண்டியைக் காட்டினாள். "இது எதுல ஓடுது?"

"பெட்ரோல்ல."

"பெட்ரோல் உள்ளே போய் என்ன பண்ணுது?"

"எரியுது."

"நெருப்பு மேல உட்கார்ந்துக்கிட்டா குளிருதுன்னு சொல்றீங்க?"

சென்னியப்பன் வண்டியைப் பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினான். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மறுபடி கிளம்பினான்.

இந்த முறை காப்பித் தோட்டம் வரை வந்துவிட்டான். செடியெல்லாம் பழம் சிவந்திருந்தது. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் பாதை ஒரு சேலை அகலத்துக்குப் போயிற்று. ஓரத்தில் யானை லத்தி கிடந்தது. புதுசா, பழசா என்று பார்க்க நிற்கவில்லை. நிற்கப் பயம். போகவும் பயம். பலகைப் பாலத்தில் சக்கரம் ஏறியபோது கீழே ஓடையின் சத்தம் அவன் வயிற்றுக்குள் கேட்டது.

அதற்கு மேல் ஏற்றம். ஏற்றம் முடிகிற இடம்தான் முழங்கை வளைவு.

நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு இரைத்தது. முதுகில் தட்டு விழ ஆரம்பித்தது. பின்னால் யாரும் இல்லை. இருந்தும் தட்டியது.

பனி வந்துவிட்டது.

முதலில் தூரத்து மலை போயிற்று. அப்புறம் மரங்கள். கையுறையால் கண்ணாடியைத் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான். பாதை போயிற்று. கடைசியில் வண்டியின் ஹேண்டில்பாரே போயிற்று.

வண்டியை நிறுத்தி, உருட்டித் திருப்பினான்.

குரு மொச்சைத் தோலை ஒரு பழைய பேப்பரில் அள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் சாவடிப் படி வரை ஏறியிருந்தது.

"முடியாதுங்கம்மா." ஹெல்மெட், குல்லா, மப்ளர் எல்லாவற்றையும் கழற்றிப் படியில் வைத்தான். வியர்த்திருந்தான். "நான் பயந்துக்கிட்டுத் திரும்பலை. பனி. அன்னைக்கு மாதிரியே. அந்த வளைவு என்னைக் கண்டாலே மூடிக்குது."

அப்போது மேலேயிருந்து ஒரு மொபெட் இறங்கி வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். ஓட்டி வந்தவர் தலையில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார்.

"ஏனுங்க, முழங்கை வளைவுல பனி எப்படி இருக்குது?" என்று குரு கேட்டாள்.

"பனியா?" பால்காரர் வண்டியை நிறுத்தவில்லை. "விடிஞ்சதும் போயிருச்சுங்களே. பாதை பளிச்சுன்னு இருக்குது."

மொபெட் வளைந்து மறைந்தது.

"பொய்!" என்றான் சென்னியப்பன். "என் ரெண்டு கண்ணால பார்த்தேனுங்கம்மா. சத்தியமா. என் பொண்ணு மேல சத்தியமா."

குரு அவன் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டாள். மப்ளரை வாயைச் சுற்றிக் கட்டினாள். ஹெல்மெட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

பிறகு மூச்சு வாங்கினாள். ஏற்றத்தில் ஓடி வந்தவள் மாதிரி, அவன் வாங்கியது மாதிரியே, இரைக்க இரைக்க.

கண்ணாடி கீழேயிருந்து வெளுத்தது. மூக்கு போயிற்று. கண் போயிற்று.

"ஆமாங்கண்ணா!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "பனிதான்! சாவடியைக் காணோம். வெயிலைக் காணோம். உங்களைக்கூடக் காணோம்."

இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு நடந்தாள். கால் பட்டு மொச்சைச் சட்டி உருண்டது. கையுறையால் துடைப்பது மாதிரிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள்.

"துடைச்சும் போகலைங்கண்ணா! என்ன பண்ணட்டும்? திரும்பிரட்டுமா?"

நல்ல வெயிலில் நின்றுகொண்டு சென்னியப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட்டை அவளிடமிருந்து வாங்கிப் படியில் உட்கார்ந்து, ஓட்டைகளின் மேல் ஒட்டிய டேப்பைப் பிரிக்கத் தொடங்கினான்.

மூன்றாம் முறை பேச்சே இல்லை. அவன் போன பிறகுதான், சிந்திய மொச்சையை அவள் பொறுக்கத் தொடங்கினாள்.

பொழுது ஏறிவிட்டது. காப்பித் தோட்டம். யானை லத்தி. பாலம். ஏற்றம்.

மப்ளர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. குளிர் முகத்தை முள்ளுக் குச்சியால் விளாசியது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. மூச்சு இரைத்தது. இரைத்த மூச்சு வெள்ளைப் புகையாக வெளியே போய்க் காற்றில் கரைந்தது.

முழங்கை வளைவு வந்தது.

பயமும் வந்தது. எங்கேயும் போயிருக்கவில்லை. முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி, தவழ்கிற குழந்தை மாதிரி வளைந்தான். ஓரக்கல்லில் அன்றைக்கு வண்டி உரசிய கோடு அப்படியே இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் அடிவாரம் முழுக்கத் தெரிந்தது. ஓடை, தோட்டம், புள்ளியாய்ச் சாவடி. காட்டறேன் வா என்று அவன் குணவதியைக் கூட்டி வந்தது இதற்குத்தான். இன்றைக்குத்தான் அவனே பார்க்கிறான்.

நின்று பார்க்க நேரமில்லை.

ஊர் கண்ணில் பட்டதும் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். கண் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மச்சான் பார்த்தால் அழுதுகொண்டு வந்தான் என்று ஊருக்கே சொல்லிவிடுவான்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. வண்டியைச் சாத்திவிட்டு அப்படியே உள்ளே ஓடினான்.

அறைக்குள் அத்தனை ஜனம். ஒரு மூலையில் கணப்புச் சட்டி. அடுப்படியிலிருந்து பாயச ஆவி. விட்டத்தில் தொட்டில்சேலை தொங்கியது. மச்சான் அதன் மேல் குனிந்து, வாயருகே கையைக் குவித்திருந்தான்.

"இருங்க!" என்று கத்தினான் சென்னியப்பன். "நான் வந்துட்டேன், இருங்க!"

கூட்டம் விலகியது. தொட்டிலுக்கு எதிரே போய் நின்றான். சேலையை விரித்தான்.

ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளை. முழுக்க வெள்ளை. தொட்டில் போயிற்று, மச்சானின் முகம் போயிற்று, கூட்டம் போயிற்று. உள்ளே எங்கேயோ ஒரு சின்னக் குரல் முனகியது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை பக்கத்தில் நின்று, தெரியவில்லை. நெஞ்சு அடித்தது. மூச்சு இரைத்தது.

முதுகில் தட்டு விழுந்தது.

தட், தட், தட்.

அதே தட்டு.

சென்னியப்பனின் கை தானாக மேலே போயிற்று. கண்ணாடியைத் தூக்கினான்.

இரண்டு கருவிழிகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்துத் திரும்பினான். பின்னால் குணவதி. தட்டிய கை இன்னும் இறங்கவில்லை.

"அன்னைக்கும் இதுக்குத்தான் தட்டினேன்" என்றாள். "'கண்ணாடியைத் தூக்குங்க, கண்ணாடியைத் தூக்குங்க'ன்னு தொண்டை வறளக் கத்தினேன். ஹெல்மெட்டுல அத்தனை பஞ்சு. எங்க கேட்டுச்சு உங்களுக்கு?"

அவன் கை ஹெல்மெட்டின் ஓட்டைகளைத் தடவியது.

"சரி சரி, பேரைச் சொல்லுங்க. எங்கண்ணன் வாயைக் குவிச்சபடியே நிக்கறான்."

ஹெல்மெட்டைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்துவிட்டு, குனிந்தான்.