ஊமைக்கொம்பு அடிவாரத்து அடுப்பு

வடகோடிப் பனிமலைகளில் ஊமைக்கொம்பு என்றொரு சிகரம் உண்டு. அதில் ஏறியவர் எவரும் இல்லை. அடுத்த பள்ளத்தாக்குக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் அடிவாரத்து மரக்குடிசையில் தங்குவார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: கிளம்புகிறவன் அடுப்பில் பிளந்த விறகை அடுக்கி, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு விரல்கள் விறைத்திருக்கும். கோடரி பிடிக்க வராது, தீக்குச்சி உரச மட்டும் எப்படியாவது வரும். அடுப்பைக் காலியாக விட்டவனை அவர்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

ஒருமுறை வேட்டைக்குப் போன இடத்தில், மாத்வேயின் தம்பி யெகோர் உறைந்த ஓடையின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். அண்ணன் அவனைக் குடிசைக்குத் தூக்கி வந்து அடுப்பு மூட்டினான். புயல் இரண்டு நாள் அடித்தது. பிளந்த விறகெல்லாம் தீர்ந்தது. வெளியே முழுக் கட்டைகள் மட்டும் கிடந்தன. மூன்றாம் நாள் வானம் வெளுத்தபோது யெகோரின் இடது பாதம் கறுத்திருந்தது. பகல் நான்கு மணி நேரம், ஊருக்குச் சறுக்குவண்டியில் நான்கு மணி நேரம். கட்டை பிளக்க நின்றால் இருட்டு வழியிலேயே பிடித்துக்கொள்ளும். மாத்வே காலி அடுப்பைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், கிளம்பிவிட்டான். பாதம் போனாலும் யெகோரின் உயிர் தங்கியது.

அதன்பின் மூன்று நாள் வானம் தெளிவாகவே இருந்தது. நான்காம் நாள் காலை, அதே ஊர் லூக்காவின் மனைவி அகாஃபியா, மலையில் வைத்த பொறிகளைப் பார்க்கக் கிளம்பினாள். போகும் வழியில் மாத்வே வீட்டு வாசலில் நின்று, நோயாளிக்கென்று கொஞ்சம் இறைச்சியை அவன் கையில் கொடுத்தாள்.

"மலைக்குப் பொறி பாக்கப் போறேன். தம்பி எப்படி இருக்கான்?"

"பிழைச்சுக்குவான்."

பாதி வழியில் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத் தேடிப் போனவர்கள், காலி அடுப்பின் முன்னால் அவள் விறைத்துச் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். காலடியில் கோடரி கிடந்தது. கட்டையில் நகக்கீறல் ஆழத்துக்கு நாலைந்து வெட்டு இருந்தது, அவ்வளவுதான்.

ஊர் கூடியது. சட்டத்தை மீறியவன் கொலைகாரன் என்றார்கள் சிலர். கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கும்போது எவன் விறகு பிளப்பான், கொன்றது மலைதான் என்றார்கள் மற்றவர்கள்.

நீங்கள் சொல்லுங்கள். மாத்வே குற்றவாளியா? ஆம் என்றால், அவன் தவறியது எந்த இடத்தில்?

விடை: குடிசையை விட்டுக் கிளம்பியதில் தவறில்லை. அந்தச் சட்டம் அடுத்து வருகிறவரின் உயிருக்காக ஏற்பட்டது. விறகு வைக்க முடியாதவன் ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாராவது போய் அடுக்கிவிட்டு வந்திருப்பார்கள். தலைகுனிவுக்குப் பயந்து மூன்று நாள் சும்மா இருந்தான். அதைக்கூட மன்னிக்கலாம். கடைசியில் லூக்கா எழுந்து கேட்டது ஒன்றுதான்: "குடிசையைப் பத்தி நான் கேக்கல, மாத்வே. அவ கையால இறைச்சியை வாங்கினியே, அப்ப ஏன் சொல்லல?"