அறுபதாவது அடி

தவமணி அம்மாவின் ஆசிரமம் என்று ஊரில் பெரிதாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் மலையடிவாரத்தில் இரண்டு ஓட்டு வீடு, ஒரு கிணறு, நீளமான மண் வாசல், அவ்வளவுதான். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு வந்து அங்கே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. சீடர் நல்லசிவத்துக்கு அறுபத்து மூன்று. முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

அன்று காலை நல்லசிவம் ஒரே குடத்தை மூன்று முறை கழுவினார். காப்பி ஆறிக் கிடந்தது. பத்து மணி பஸ்ஸில் ஒரு பெண் அவரைப் பார்க்க வருகிறாள்.

பூங்கோதை என்று பெயர். இருபத்தொரு வருடத்துக்கு முன் மலைப்பாதையின் கடைசி இறக்கத்தில் நல்லசிவத்தின் லாரியில் அடிபட்டுச் செத்தவரின் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையில் கமர்கட் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். அதை வாங்கத்தான் அப்பா ரோட்டைக் கடந்தார். வண்டி நாற்பதில் நிதானமாகத்தான் வந்தது, ஆள்தான் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார் என்று கோர்ட்டில் முடிந்தது.

‘கேட்டது நான். அதற்கப்புறம் நான் இனிப்பே தொட்டதில்லை. அப்பா மேல் மோதும்போது வண்டி என்ன வேகத்தில் இருந்தது? அதை மட்டும் சொன்னால் போதும்’ என்று எழுதியிருந்தாள்.

நல்லசிவம் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

“பிரேக் போட்ட பொறவு வேகம் கொறஞ்சிருக்குமுங்க. மோதறப்ப எத்தன இருந்துச்சுன்னு கணக்குப் போட முடியுங்களாம்மா?”

“போடலாம். பிரேக்கை மிதிக்கறப்ப என்ன வேகம், அதுக்கப்புறம் எத்தனை அடி ஓடுச்சு, ரெண்டும் தெரியணும்.”

ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோட்டைப் போலீஸ் டேப் வைத்து அளந்திருந்தது. கோடு ஆரம்பித்த இடத்திலிருந்து ஆள் மேல் மோதிய இடம்வரை அறுபது அடி. வேகம் நாற்பது என்றார் நல்லசிவம், தரையைப் பார்த்துக்கொண்டே.

“அதே ரோட்டுல, அதே லோடோட நாப்பதுல வர்றீங்க. பிரேக்கை முழுசா மிதிச்சா எங்கே நிக்கும்?”

இது அவர் காலுக்கே தெரிந்த விஷயம். யோசிக்கவே இல்லை.

“அம்பதடிங்க. ரெண்டு வண்டி நீளம்.” அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். அங்கிருந்து குதிகாலோடு விரலை ஒட்டி வைத்து எண்ணிக்கொண்டே போய், அறுபதாவது அடியில் திரும்பி நின்றார்.

“நான்தான் அந்த ஆள். கோட்டுல பிரேக் போட்டுட்டு வாங்க. நாப்பதுல வந்த வண்டி எங்கே நிக்குமோ, அங்கே நில்லுங்க.”

நல்லசிவம் அதேபோல் எண்ணிக்கொண்டு வந்தார். ஐம்பது வந்ததும் கால் தானாக நின்றது.

“என்னைத் தொடுங்க.”

கையை நீட்டினார். எட்டவில்லை.

“நமக்கு நடுவுல பத்தடி இருக்கு. நான் எப்படிச் செத்தேன்?”

இந்தக் கணக்கைக் கோர்ட்டில் ஒருத்தரும் போட்டுப் பார்க்கவில்லை. நல்லசிவம் பஸ் வரும் திசையைப் பார்த்தார். லோடு பதினாறு டன் என்று ஏதோ ஆரம்பித்தார். லோடையும் சேர்த்துத்தானே ஐம்பதடி என்று சொன்னீர்கள் என்றார் அம்மா.

நல்லசிவம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கடைசி வளைவுலயே நியூட்ரல் போட்டுட்டேனுங்க. அறுவது.”

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். அந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். கியரில் இறங்கியிருந்தால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்திருக்கும், வேகம் நாற்பதைத் தாண்டியிருக்காது. இதை அவர் பெண்டாட்டியிடம் கூடச் சொன்னதில்லை.

அம்மா திட்டவில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து மண்ணில் எழுதினார். ஓடுகிற வண்டியின் பலத்தை அறிய வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும் என்றார். நாற்பதுக்கு ஆயிரத்து அறுநூறு. அதைப் பிரேக் ஐம்பதடியில் தின்று தீர்த்தால், அடிக்கு முப்பத்திரண்டு.

“அறுவதுக்கு மூவாயிரத்து அறுநூறு. அறுபது அடியில பிரேக் தின்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. மிச்சம் ஆயிரத்து அறுநூத்தி எண்பது. எந்த எண்ணை அதாலேயே பெருக்கினா இது வரும்?”

நல்லசிவம் குச்சியை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முப்பது போதவில்லை. நாற்பதும் போதவில்லை. நாற்பத்தொன்றில் வந்து நின்றது, பெருக்கலில் ஒன்றே ஒன்று கூடுதலாக.

அறுபதடி பிரேக் பிடித்ததே, கடைசியில் லேசாகத்தான் தட்டியிருக்கும் என்று இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆறுதல் போய்விட்டது. ஆனால் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்குள் வேறொன்று துளிர்த்தது.

பஸ் ஹாரன் கேட்டது. வளைவில் நின்று கிளம்பியது. தோளில் பையோடு ஒரு பெண் இறங்கி, ஆசிரமத்தின் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, மோதறப்ப கிட்டத்தட்ட நாப்பதுங்க.” நல்லசிவம் அவசர அவசரமாகப் பேசினார். “அந்தப் புள்ள கேட்டதும் அதைத்தானுங்களே. நாப்பதுன்னு மட்டும் சொன்னா, அது பொய்யில்லைங்களே?”

“பொய்யில்லை.”

அவர் மூச்சு விட்டார். அந்தப் பெண் வேலிப் படலைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தாள்.

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“நாப்பதுக்கு மேல நீங்க சொல்லாம விட்ட இருபதை இருபத்தொரு வருஷமா அந்தப் பொண்ணு சுமந்துக்கிட்டு வருதுங்க. இப்பவும் மறைச்சுட்டா, அதை எங்கே இறக்கி வைக்கும்?”