பெல்ஜிய மேசை, ஃபிளமிஷ் மேசை

பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ் நாட்டுப்புறத்தில் இருந்த ஒரு மடத்தில் ஜோரிஸ் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. குரு கொடலீவ் அம்மையாருக்கு நாற்பதுதான். ஜோரிஸ் ஆவணக் காப்பகத்தில் காலம் தள்ளியவர். எதைக் கண்டாலும் வகை பிரித்து வைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் காலத்தில் பெல்ஜியத்தில் பிரெஞ்சுக்குத்தான் மவுசு. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் எங்கள் தாய்மொழி ஃபிளமிஷுக்கும் இடம் வேண்டும் என்று போராடியவர்கள், ஆண்டுக்கொரு முறை மடத்தில் கூடி மோரில் காய்ச்சிய கஞ்சி குடிப்பார்கள். அதைத் தொடங்கியவர் ஜோரிஸின் அப்பா. போன குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஆண்டு பொறுப்பு மகன் தலையில் விழுந்தது.

ஜோரிஸ் ஆசையாகத்தான் செய்தார். முற்றத்தில் இரண்டு மேசை போட்டார். ஒன்றின் மேல் ‘பெல்ஜியர்’ என்று பலகை, இன்னொன்றின் மேல் ‘ஃபிளமிஷ்’ என்று பலகை. வந்தது வினை.

“என் நாடு ஃபிளாண்டர்ஸ். என்னை எதுக்குப்பா பெல்ஜியர் மேசையில போட்டே?” என்று மார்த்தா கிழவி எகிறினார்.

“பெல்ஜியத்துக்காகப் போர்ல காலைக் கொடுத்தவன் நான். என்னை ஃபிளமிஷ் மேசைன்னு பிரிச்சு உட்கார வைக்க நீ யாரு?” என்றார் அவர் கணவர் லீவன்.

“நான் ரெண்டு மொழியும் பேசற பிரஸ்ஸல்ஸ்காரி. எனக்கு மேசையே இல்லையா?” என்று கேட்டார் ஓடா.

ஆளாளுக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்கள். ஜோரிஸ் சமையலறைக்கு ஓடினார்.

“அம்மா, எல்லாரும் கிளம்பறாங்க! அப்பா தொடங்கினது என் கையில முடியப் போகுது. இவங்களைச் சரியாப் பிரிக்கிறது எப்படி? சொல்லுங்க.”

குரு கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பா இவங்களைச் சாப்பிட எப்படிக் கூப்பிடுவார்?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“கஞ்சி ஆறிடும். போய்க் கூப்பிடுங்க.”

ஜோரிஸ் வாசற்படியில் நின்றார். அப்பாவைப் போலவே, அப்பாவின் ஊர் ஃபிளமிஷில், ஊரே அதிரக் கத்தினார்.

“கஞ்சி ஆறுது, பிள்ளைங்களா! ஓடியாங்க!”

வெளியே போய்க்கொண்டிருந்த அத்தனை நரைத்த தலைகளும் திரும்பின. லீவன் கட்டைக்காலை ஊன்றித் திரும்பினார். வெளிக்கதவைத் தாண்டிவிட்ட ஓடாவும் திரும்பினார்.

“இதோ வர்றோம்!” என்று அவரவர் ஊர் ஃபிளமிஷில் பதில் வந்தது. யாரும் சொல்லாமலே மார்த்தா ஒரு மேசையை இன்னொன்றோடு இழுத்து ஒட்டினார்.

ஜோரிஸுக்குப் பெருமையில் மார்பு விம்மியது. இப்படிப்பட்டவர்களுக்குப் பிறந்தேனே என்று கண் கலங்கியது. ஆனாலும் பழக்கம் விடுமா? கழற்றிய பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

“அம்மா, அப்ப இவங்களை யாருன்னுதான் எழுதறது?”

குரு இரண்டு பலகைகளையும் வாங்கி அடுப்பில் வைத்தார்.

“பேசினதுக்காகச் சின்ன வயசுல வாத்தியார்கிட்ட அடி வாங்கின மொழியில, வயசான பிறகும் கூப்பிட்டதும் திரும்பினவங்கன்னு எழுதுங்க.”