கயிறு எங்கே கட்டுவது

"மேஸ்திரியம்மா, என்ற வண்டி எப்பத்தானுங்க மலை ஏறும்?"

அன்று காலையிலேயே நாச்சிமுத்து இதை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

சாந்தாமணி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அந்தியூர்ப் பக்கம், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது அவள் பட்டறை. காட்டுத் தடத்தில் சேற்றிலும் பள்ளத்திலும் சிக்கிய வண்டிகளை இழுத்து வருவது அவள் தொழில். வயது முப்பத்தாறு. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. ஜீப் ஓட்டியே தலை நரைத்த மனுஷன், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம் கைகட்டி நின்று வேலை கற்றதைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது.

போன ஐப்பசியில் அவர் தம்பி ராசுவைப் பாம்பு கடித்தது. தன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினார். வழியில் ஓடைச் சேற்றில் ஜீப் புதைந்துவிட்டது. பட்டப்பகல். மூன்று மணி நேரம் தனியாக மல்லுக்கட்டினார். ஜீப் வெளியே வந்தபோது ராசு உயிரோடு இல்லை.

"ஒருத்தரும் வரலீங்க" என்றுதான் பட்டறைக்கு வந்த முதல் நாளே சொன்னார். "இனி அந்த மலைல எவனும் அப்படி நிக்கக் கூடாதுங்க. நான் போய் இழுக்கோணும். கத்துக் குடுங்க."

"வண்டி இருக்குதுங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள் சாந்தாமணி.

ராணுவம் கழித்துவிட்ட ஒரு லாரியை ஏலத்தில் எடுத்து வந்தார். லாரி என்று சொன்னதெல்லாம் மரியாதைக்குத்தான். என்ஜின் மேலேயே கோழி முட்டையிட்டிருந்தது.

பதினோரு மாதம். என்ஜினைப் பிரித்துக் கோர்த்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி செய்தார். வண்டி ஓடைக்குள் இறங்கினாலும் மூச்சுத் திணறாதபடி காற்றுக் குழாயைக் கூரைவரை தூக்கி வைத்தார். பின்பக்கம் பத்து டன் இழுக்கிற வின்ச் உருளை, அதில் சுற்றிய விரல் தடிமன் கம்பிவடம். முன்பக்கம் ஒரே இரும்புத் தகடு, ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த வண்டியை முதலில் சாந்தாமணிதான் ஓட்டுவாள். எங்கே ஓட்டுவாள் என்று சொல்ல மாட்டாள். அவள் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் வண்டி மலை ஏறும்.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"சாவியக் குடுங்கண்ணா."

நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

வண்டி மலைச்சாலையை விட்டு விலகி ஏரிப் பக்கம் திரும்பியது.

"அம்மிணி, மலை இந்தப் பக்கமுங்க."

அவள் கியரை மாற்றினாள். தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்த ஏரிக்குள் இறக்கினாள். வண்டி ராஜா மாதிரி போனது. நடுச் சேற்றில் ஒரு வட்டம் அடித்து, கரையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள்.

பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

பிரேக்கை லேசாக அழுத்தியபடியே மிதித்தாள். விட்டு விட்டு மிதித்தாள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே தோண்டின. வண்டி குலுங்கிக் குலுங்கி உள்ளே இறங்கியது. சேறு கதவுவரை வந்தது.

நாச்சிமுத்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.  பதினோரு மாத வேலை. தம்பியை நினைத்து முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டும் அவர் கண்ணெதிரே சேற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பொம்பளைக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று அவளையே பார்த்தார். அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

என்ஜினை அணைத்தாள். குதித்து இறங்கினாள். முழங்கால் சேற்றில் நடந்து கரையேறிப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.  மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடும்.

அரை மணி கழித்துத் தன் இழுவை லாரியோடு வந்தாள். கரையில் கெட்டியான இடத்தில் அதை நிறுத்திவிட்டு, நீளக் கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினாள். அவர் வண்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"கயிறு எங்கீங்கண்ணா கட்டறது?"

நாச்சிமுத்து இறங்கி முன்னால் போனார்.

வழவழவென்ற தகடு. கையால் தடவினார். ஒரு துளை இல்லை, ஒரு வளையம் இல்லை. ராணுவத்துக்காரன் பற்றவைத்திருந்த இரண்டு கொக்கிகளையும் அவரேதான் கேஸ் நெருப்பு வைத்து அறுத்து எறிந்திருந்தார். நாலு பேரை இழுக்கப் போகிற வண்டிக்கு இழுபடுகிற கொக்கி எதற்கு, பார்க்கிறவன் சிரிப்பான் என்று அப்போது சொல்லிக்கொண்டார். அன்று சாந்தாமணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பின்னால வின்ச் இருக்குதுங்க" என்றார்.

"பின்னால என்னங்கண்ணா இருக்குது?"

திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கம்பிவடத்தை மாட்ட ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை.

"அதையே வளைச்சு முன்னால கொண்டாந்தா?"

"வண்டி சாஞ்சு படுத்துக்கும்."

"அச்சுல கட்டலாமுங்க."

"அச்சு எங்க?"

அச்சு ஒரு முழம் சேற்றுக்குள் இருந்தது.

மலைப் பக்கம் இடி உறுமியது. நாச்சிமுத்து மண்டியிட்டு வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தார். தோண்டத் தோண்டச் சேறு சரிந்து மூடியது. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

சாந்தாமணி கயிற்றின் நுனியைப் பிடித்தபடி குனிந்து, மறுபடி கேட்டாள்.

"சொல்லுங்கண்ணா. கயிறு எங்க கட்டறது?"

தோண்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.  

"அவரும் இதேதானுங்க கேட்டாரு" என்றார்.

"யாருங்கண்ணா?"

"டிராக்டர்க்காரரு. அன்னைக்கு, ஓடைல."

சாந்தாமணி கயிற்றைக் கீழே விட்டாள்.

"ஒருத்தரும் வரலைன்னு சொன்னீங்க."

"வந்தாருங்க." அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் அவரே நம்பியிருந்த பொய் அவர் வாயிலிருந்தே உடைந்து விழுந்தது. "ஜீப் பொதஞ்ச அஞ்சாவது நிமிசம் வந்தாரு. கயிறோட எறங்கி, எங்க கட்டறதுன்னு கேட்டாரு. முப்பது வருச டிரைவர் நானு. என்ற வண்டிய இன்னொருத்தன் இழுக்கறதான்னு, நானே எடுத்துக்கறேன் நீங்க போங்கன்னு அனுப்பிச்சுட்டேனுங்க."

முதல் தூறல் தகட்டின் மேல் விழுந்தது.

"ராசு?" என்றாள் அவள்.

"அப்ப அவன் பேசிட்டுத்தானுங்க இருந்தான்."