சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வீடு

கலைச்சொல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த பூங்கோதை அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார் மாசிலாமணி. குருவைவிட வயதில் மூத்தவர். தலை நரைத்தபின் சீடராவதில் ஒரு வசதி, அடி விழாது.

அவருக்கு வந்த சொல் ‘இழப்பு’. எந்தத் துறையில் அதற்கு என்ன பொருள் என்று எழுதித் தர வேண்டும். மனிதர் ஊரையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். கணக்கர், போட்ட முதல் திரும்பாததைச் சொன்னார். மருத்துவர் உடம்பைவிட்டுப் போன நீரையும் ரத்தத்தையும் சொன்னார். கிரிக்கெட் பயிற்சியாளர் விக்கெட்டில் ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

எல்லாவற்றையும் படித்துவிட்டு அம்மையார் கேட்டார்.

“மின்சாரம் எங்கே ஐயா?”

மாசிலாமணி தலை குனிந்தார். மின்துறைச் சொற்களை எப்போதும் அவருக்குச் சொல்பவர் சடையப்பன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர். அவருடைய மனைவி இறந்துபோயிருந்தார். அந்தச் சமயம் வெளியூரில் இருந்த மாசிலாமணி, திரும்பி வந்தும் துக்கம் கேட்கப் போகவில்லை.

“தெருமுனை வரைக்கும் போனேம்மா. என்ன சொல்றதுன்னு தெரியல, திரும்பிட்டேன். நாளைக்குக் காரியம். அதுக்கப்புறம் எந்த முகத்தோட போறது?”

“இத்தனை பொருள் சேர்த்திருக்கீங்களே.”

“ஒண்ணுகூட அங்க எடுத்துட்டுப் போற மாதிரி இல்ல. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. சொல்லிட்டு வந்துடறேன்.”

அம்மையார் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

துக்க வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் இருந்த சடையப்பன் கையை நீட்டினார். மாசிலாமணி அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பாவம், சொல்லைத் தேடியே பிழைப்பவருக்கு அந்த நிலை.

கடைசியில் சடையப்பன்தான் பேசினார்.

“அகராதி எந்தச் சொல்லுல நிக்குது?”

மாசிலாமணி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் சொன்னார்.

“இழப்பு.”

சடையப்பன் யோசித்தார். பழைய பழக்கம், வேலையில் இருந்தது போலவே நிதானமாகச் சொன்னார்.

“பவர் ஸ்டேஷன்ல இருந்து கரண்ட் கிளம்பும். வீடு வந்து சேராது.” பிறகு குரல் உடைந்தது. “ஆஸ்பத்திரிக்கு அவளாத்தான்டா நடந்து ஆட்டோ ஏறினா.”

மாசிலாமணி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இருவரும் வெட்கமில்லாமல் அழுதார்கள். அழுகை ஓய்ந்தபின்னும் கையை விடவில்லை.

வெயில் இறங்கியது. அம்மையார் எழுந்தார், மாசிலாமணியும் எழுந்தார். போய் வருகிறோம் என்று சொல்லாமல் வெளியே வந்தார்கள். துக்க வீட்டில் அப்படித்தான்.

தெருமுனை வந்ததும் மாசிலாமணி நின்றுவிட்டார்.

“ஆறுதலா ஒரு வார்த்தைகூட நான் சொல்லலையேம்மா.”

“உள்ளே போனப்போ வாங்கன்னு கூப்பிட்டாங்களா?”

“இல்ல. துக்க வீட்டுல கூப்பிட மாட்டாங்களே.”

“கிளம்புறப்போ நீங்க சொல்லிட்டு வந்தீங்களா?”

“சொல்லக் கூடாதே.”

“உங்களை மாதிரி வார்த்தை கிடைக்காம தெருமுனையில நின்ன யாரோதான் ஐயா, அந்த வழக்கத்தை உண்டாக்கியிருக்கணும்.”