ஒரு வாய்த் தண்ணீர்

“மேஸ்திரி, நான் இன்னையோட ஸ்பேனரைக் கீழ வச்சிடறேன்” என்றார் அழகுராசா.

வடமதுரை பைபாஸ் ஓரத்துப் பட்டறைக்கு மேஸ்திரி பிலோமினா. வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் பழக வந்திருந்த அழகுராசாவுக்கு நாற்பத்தொன்பது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருபது வருஷம் புது வண்டிகளுக்கு சர்வீஸ் பார்த்தவர். பழைய வண்டிகளின் நெளிவுசுளிவும் தெரியவேண்டும் என்று அவராகத் தேடி வந்து எட்டு மாதம் ஆகிறது.

பிலோமினா ஒரு பழைய டைனமோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே ஆச்சு?”

“அந்த ஆட்டுக்கார அக்கா பிக்கப்பு. அதே சத்தத்தோட மறுபடியும் வருதாம். இப்பத்தான் போன் வந்துச்சு.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“முதல் தடவை பிரேக் பேடு. ரெண்டாவது தடவை பின்சக்கரத்துல பிரேக் ஷூ, டிரம் எல்லாம். போன வாரம் வீல் பேரிங். இனிமே மாத்துறதுன்னா வண்டியைத்தான் மாத்தணும்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“யாரு?”

“வண்டிக்காரங்க.”

“அவங்க என்ன சொல்லப்போறாங்க? ‘தம்பி, பிரேக்குல ஒரு சத்தம்’னு ஆரம்பிச்சாங்க. அதுக்கு மேல கேக்கணுமா? வண்டி வாசல்ல திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பிலோமினா எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஒரு வாய் ஊத்திக்கங்க.”

ஊற்றிக்கொண்டார்.

“முழுங்காதீங்க. துப்பவும் கூடாது.”

எதற்கு என்று அழகுராசா கையாலேயே கேட்டார்.

அவள் மறுபடியும் டைனமோவுக்குப் போய்விட்டாள்.

*

கொஞ்ச நேரத்திலேயே வண்டி வந்து நின்றது. பதினெட்டு வருஷப் பழசு. பின்னால் ஏழு ஆடுகள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆட்டுக்கார வெள்ளையம்மா இறங்கினாள்.

“தம்பி, இந்தச் சத்தம் இருக்கே…”

அழகுராசா வாயைத் திறந்தார். தாடையில் தண்ணீர் வழிந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

“என்ன தம்பி, பல்வலியா?”

தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா இல்லை என்று ஆட்டினாரா, அவருக்கே தெரியாது.

“கிராம்பு வச்சுக் கடிங்க, சரியாப்போகும். எங்க கொழுந்தனுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் வீங்கிருச்சு.”

கொழுந்தன் கதை ஓடியது. அதற்குப் பின்னால் ஆடுகளின் கதை வந்தது. அழகுராசாவின் கன்னங்கள் இரண்டும் பன்னு மாதிரி உப்பியிருந்தன. கண்கள் மேஸ்திரியைத் தேடின. மேஸ்திரி நிமிரவே இல்லை.

“போன வியாழன் சந்தைக்குப் போற வழியில ஒரு செனையாடு மெரண்டு வெளிய குதிச்சிருச்சு தம்பி. முன்னங்கால் பெசகி, இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்குது. நாளைக்கும் அய்யலூர் சந்தை. இந்தத் தடவையும் சரியாகலைன்னா வண்டியக் காயலான் கடையில தள்ளிருவேன். பழையபடி ஆடுகளை ஓட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதான். இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்கிட்டு நடக்க?”

சொல்லிவிட்டு வலது முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

அழகுராசாவுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டும்போல் தவித்தார். வாய் நிறையத் தண்ணீர்.

வெள்ளையம்மா பேசிக்கொண்டே போனாள்.

“இதுல ஒரு கூத்து என்னன்னா, பிரேக்க மிதிக்கிறப்ப ஆடுக அதுபாட்டுக்கு நிக்கிதுக. வண்டி நின்னதும் கால எடுக்குறேன் பாருங்க, அப்பத்தான் கிறீச்சுங்குது. அப்பத்தான் அதுகளும் துள்ளுதுக. மொத நாள்ல இருந்து இதத்தான் சொல்ல வாரேன்.”

அழகுராசா அப்படியே நின்றார்.

மூன்று தடவையும் அவரே ஓட்டிப் பார்த்திருந்தார். மிதித்ததும் எடுத்ததும் ஒரே மூச்சில் நடந்து முடிந்திருந்தது. சத்தம் எதில் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஆடுகளை இறக்கிக் கட்டினார். ஜாக்கியை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். பிலோமினாவைப் பார்த்துக் கும்பிட்டு, டிரைவர் சீட்டைக் காட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார்.

படுத்த வேகத்தில் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நன்றாக இருமினார்.

“மிதிங்க மேஸ்திரி!”

மிதித்தாள். சத்தமே இல்லை.

“எடுங்க!”

கிறீச்.

டிரம்மைக் கழற்றினார். ஷூ புதுசு. அவரே போட்டது. அதை விலக்கி, அது உரசி நகரும் பின்தகட்டைத் துணியால் துடைத்தார். பதினெட்டு வருஷ உரசலில் அங்கே மூன்று சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. மிதிக்கும்போது ஷூ வழுக்கிப் போய்விடும். திரும்பி வரும்போது பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, கத்திவிட்டுத்தான் வரும்.

மறுபக்கச் சக்கரத்திலும் அதே பள்ளங்கள்.

வெல்டிங் வைத்துப் பள்ளங்களை நிரப்பினார். அரத்தால் ராவி மழமழப்பாக்கினார். விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தொட்டுத் தடவினார்.

வெள்ளையம்மா ஆடுகளை ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வந்தாள். பட்டறை வாசலில் மிதித்தாள். நின்றது. காலை எடுத்தாள்.

ஆடுகள் வேப்பந்தழையை மென்றுகொண்டிருந்தன.

“நல்லா இருப்பீங்க தம்பி. பல்லை மட்டும் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

கை கழுவும்போது அழகுராசா மெதுவாகக் கேட்டார்.

“மேஸ்திரி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கெப்படிண்ணே தெரியும்? நானும் உங்களோட சேந்துதானே கேட்டேன்.”

மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மனைவி தெய்வானை போன் செய்தாள்.

“ஏங்க, நம்ம மாடி ரூம் சும்மாதானே கெடக்கு…”

வழக்கமாக இந்த இடத்திலேயே குறுக்கே பேசிவிடும் அழகுராசா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

“அங்க ரெண்டு தையல் மிஷின் போடலாம்னு இருக்கேன்…”

அவர் ஒரு வாய்ச் சோறு எடுத்து வைத்துக்கொண்டார்.

“எதிர்வீட்டு மும்தாஜும் வரேன்னு சொல்லுது…”

மென்றபடியே கேட்டார்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். நீ சொல்லு.”

“கொஞ்சம் இருங்க” என்றாள் தெய்வானை. “இதுக்கு மேல நான் யோசிச்சே வைக்கல.”