மாசிக்குச் சாட்சி சொல்ல வந்தவர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், யாரையுமே நம்பாத ஓர் அரசர் இருந்தார். ஒரு நாள் காலை அவருடைய சபையில் யார் யார், எங்கெங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் சிங்காதனத்தில் அரசர். பின்னால் யாரும் வந்து நின்றுவிடக் கூடாதென்று அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். வலப்பக்க ஆசனத்தில் மந்திரி வில்வநாதர். இடப்பக்கம், ஆசனம் கொடுக்கப்படாததால் படியில், விகடகவி செங்கோடன். எதிரே விரிப்பில் பஞ்சாங்கம் வாசிக்கும் திருமலையார். இவர் செங்கோடனுக்கு மாமனார். வாசலில் காவல்காரன் மொக்கையன்.

திருமலையார் வழக்கம்போல அன்றைய நாளை வாசித்தார். "மாசி மாதம், பௌர்ணமி, மக நட்சத்திரம்..."

"நிறுத்தும்!" என்று மந்திரி எழுந்தார். "மகாராஜா, கிழக்குச் சீமை அரசனுடைய முப்பாட்டன் பெயர் மாசி. அவன்தான் தன் பெயரை இந்த மாதத்துக்கு வைத்துவிட்டுப் போனான். தங்கள் சபையிலேயே எதிரிக்கு வாழ்த்துப் பாடுகிறார் இவர்!"

மாமனாரைச் சாய்த்தால் மருமகனும் சாய்வான் என்பது மந்திரியின் எண்ணம்.

அரசரின் கண்கள் சுருங்கின. "இத்தனை நாளாக இதை எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சொல்லாதவர்கள் எல்லாரும் அவன் ஆட்களா?"

சபை மொத்தமும் தரையைப் பார்த்தது.

"தரையில் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்றார் அரசர். பிறகு திருமலையாரைக் கை காட்டி, "இவரைச் சிறையில் வையுங்கள். விடிந்ததும் நாடு கடத்துங்கள்" என்றார்.

செங்கோடன் எழுந்து கும்பிட்டான். "மகாராஜா, அந்தப் பெயர் வானத்திலிருந்து வந்தது. ஏடுகளைக் கொண்டு வரட்டுமா?"

"ஏட்டை எழுதியவன் யாரிடம் கூலி வாங்கினானோ?"

"பண்டிதர்களை அழைக்கட்டுமா?"

"அவர்கள் உன் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் அல்லவா?"

மந்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பெயர் வைத்த நாளில் நேரில் இருந்த சாட்சி வேண்டும். யாரிடமும் லஞ்சம் வாங்காதவராகவும் இருக்க வேண்டும். இன்று அந்தி சாய்வதற்குள் அவரே இங்கே வர வேண்டும். வராவிட்டால் மாமனாரோடு மருமகனும் புறப்பட வேண்டியதுதான். என்ன விகடகவி, சம்மதமா?"

"சம்மதம். அந்தியில் வந்துவிடுவார்."

"யார் அவர்?"

"சொன்னால் வழியிலேயே மடக்கிவிடுவீர்களே!"

மந்திரி சும்மா இருப்பாரா? கோட்டை வாசல்கள் அத்தனையையும் சாத்தி, மதில் நெடுகக் காவல் போட்டார். வெயில் தணிந்ததும் அரசர், மந்திரி, செங்கோடன் மூவரும் மேல்மாடத்துக்குப் போனார்கள். அரசர் அங்கேயும் சுவரோரமாகத்தான் நின்றார்.

"எவனாவது உள்ளே வந்தானா?" என்று மந்திரி கீழே பார்த்துக் கேட்டார்.

"ஈ காக்கா வரல சாமி" என்று மதிலிலிருந்து மொக்கையன் கத்தினான். சற்றுப் பொறுத்து, "ஆங், கிழக்கு மதில் மேல ஒருத்தர் ஏறி வர்றாரு!" என்றான்.

"பிடி அவனை!"

"எட்டல சாமி!"

மதிலுக்கு மேலே முழு நிலா எழுந்துகொண்டிருந்தது.

"சாட்சி வந்துவிட்டார், மகாராஜா" என்றான் செங்கோடன். "பெயர் வைத்த நாளிலும் இவர் இருந்தார். இவருக்கு லஞ்சம் கொடுக்க எவன் கையும் நீளாது."

அரசர் நிலாவை ஏற இறங்கப் பார்த்தார். "கிழக்கிலிருந்து வருகிறானே! அந்த எதிரியின் சீமை வழியாகத்தானே வந்திருப்பான்?"

"வந்தது அப்படித்தான். ஆனால் விடியற்காலையில் போய்ப் படுப்பது தங்கள் மேற்கு எல்லையில். நம்முடைய குடிதான்."

"வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே உன் சாட்சி!" என்று மந்திரி குத்தினார்.

"யாரோடு வந்திருக்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் மினுங்குவது யார், மகாராஜா?"

"மகம். என் ஜென்ம நட்சத்திரம் எனக்குத் தெரியாதா?"

"போன மாதம் நிலா நிறைந்தபோது எதற்காகக் கோயிலுக்குப் போனீர்கள்?"

"தைப்பூசத்துக்கு."

"அடுத்த மாதம்?"

"பங்குனி உத்திரத்துக்கு."

"நிலா எந்த நட்சத்திரத்தோடு நிறைகிறதோ, அதை வைத்துத்தான் மாதத்துக்குப் பெயர் வந்தது. பூசத்தின் பழைய பெயர் திஷ்யம், அதிலிருந்து தை; உத்திரத்தின் பழைய பெயர் பல்குனி, அதிலிருந்து பங்குனி. மகத்தோடு நிறைகிற மாதம் மாகம். புழங்கிப் புழங்கி அது மாசி ஆயிற்று."

அரசர் நிலாவைப் பார்த்தார். மகத்தைப் பார்த்தார். மெல்ல மந்திரி பக்கம் திரும்பினார்.

"ஏனய்யா, காலையில் எதிரியின் பெயர் என்று நீர் சொன்னது என் நட்சத்திரத்தின் பெயரையா?"

"மகாராஜா... அந்த முப்பாட்டனைப் பற்றி நான் நம்பகமாகக் கேள்விப்பட்டேன்..."

"மந்திரி பொய் சொல்ல மாட்டார்" என்று செங்கோடன் பரிந்து பேசினான். "மாசி மன்னர் அங்கே எங்கேயாவது இருப்பார். இவரே நேரில் போய் விசாரித்து வரட்டுமே?"

அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சுவரை விட்டு விலகி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருமலையாரை அப்போதே விடுவிக்கச் சொன்னார். தம் தோளில் கிடந்த சரிகைப் பட்டை எடுத்துச் செங்கோடனுக்குப் போர்த்தி, ஓலையும் எழுத்தாணியும் வரவழைத்து, "நீயே எழுது" என்றார்.

செங்கோடன் எழுதினான்: "கிழக்குச் சீமை அரசர் சமூகத்துக்கு. இதைக் கொண்டுவருகிறவர் தங்கள் முப்பாட்டனார் மாசியைத் தேடி வருகிறார். அவர் அகப்படும் வரையில் இவரைத் தங்களிடமே வைத்துக்கொள்ளவும். அவசரம் ஒன்றும் இல்லை."

அரசர் அதை இரண்டு தரம் படித்தார். அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு முத்திரையும் வைத்து, ஓலையை வில்வநாதர் கையில் கொடுத்து, கிழக்கு வாசலைத் திறக்கச் சொன்னார்.